ஸ்கிம்மர் கப் ஒருநாள் வழிகிறது, மறுநாள் காய்ந்து கிடக்கிறது. எங்கே பிழை?

கல்லடிக்கரை:

வணக்கம். நான் கல்லடி. நன்னீர் மீன் ஏழெட்டு வருடமாக வளர்க்கிறேன், கடல்நீர்த் தொட்டி இதுதான் முதல் தடவை. தொட்டி 4 அடி நீளம், அகலமும் உயரமும் ஒன்றரை அடி, கீழே அலுமாரிக்குள் சம்ப் (மேல்தொட்டி நீர் இறங்கி வந்து, பம்பால் திரும்ப மேலே ஏறுகிற கீழ்த்தொட்டி), அதில் மூன்று அறை. இரண்டு கோமாளி மீன், ஒரு நீல டாம்சல், ஒரு கிளீனர் இறால். ஓடத் தொடங்கி மூன்று மாதம். மீன்கள் வடிவாகத் தின்கின்றன, அதில் குறையில்லை.

பிரச்சினை ஸ்கிம்மரில், அதுதான் காற்றுக் குமிழி விட்டு நீரின் அழுக்கை நுரையாக மேலே ஏற்றி, ஒரு கப்பில் சேர்க்கிற கருவி. கொழும்பில் ஒரு கடையில் புதிதாக வாங்கி 12 நாள் ஆகிறது. சம்புக்குள் வைக்கிற வகை, அடியில் முள் முள்ளாகச் சில்லு வைத்த பம்ப், தண்ணீர் வெளியேறும் குழாயில் ஒரு திருகு வால்வ். பெட்டிக்குள் இருந்த தாளில் 250 லீட்டர் தொட்டிக்குக் காணும், நீரின் ஆழம் 20 சென்ரிமீற்றர் இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. அவ்வளவுதான், வேறு விளக்கம் எதுவும் இல்லை.

முதல் மூன்று நாள் கப்பைக் கழற்றி ஊற்றி ஊற்றியே கை ஓய்ந்துவிட்டது. நுரை என்று சொல்ல முடியாது, வெள்ளைத் தண்ணீர்தான் பொங்கிப் பொங்கி வந்தது. வால்வை முழுக்கத் திறந்ததும் நின்றுவிட்டது. அதற்குப் பிறகுதான் இந்தக் கூத்து: ஒருநாள் காலையில் எழும்பிப் பார்த்தால் கப் நிரம்பி, மூடி வழியாக வழிந்து, அலுமாரியின் அடிப் பலகை ஊறிப்போய்க் கிடக்கும். வால்வை இன்னும் கொஞ்சம் திருப்பி வைப்பேன். மறுநாள் பார்த்தால் கழுத்தில் நாலு குமிழிகூட ஏறியிருக்காது, கப் வெறும் கப். திரும்ப மறுபக்கம் திருப்புவேன். அடுத்த நாள் மறுபடி வெள்ளம். அதோடு மேல்தொட்டிக்குள்ளும் தூசி மாதிரி சின்னச் சின்னக் குமிழிகள் வந்து கண்ணாடியில் ஒட்டுகின்றன.

விற்ற கடைக்கு எடுத்துக் கேட்டால் "வால்வைச் சரிபாருங்கள்" என்று மட்டும் சொல்கிறார்கள். ஒருநாளைக்கு நாலைந்து தடவை சரிபார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன். இந்தப் பக்கம் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள், இது மெசின் பழுதா, என் கை பழுதா? பலகை முழுக்க உக்குவதற்கு முன் தெரிந்தால் நல்லது.


கல்முனைத் தொட்டி:

தம்பி, மெசினைப் பழி சொல்ல முன் மூன்று விஷயம் சொல்லுங்கள். ஒன்று, ஸ்கிம்மர் எந்த அறையில் நிற்கிறது, மேலிருந்து தண்ணீர் விழும் முதல் அறையிலா, நடுவிலா, மேலே தள்ளும் பம்ப் இருக்கிற கடைசி அறையிலா? இரண்டு, ஆவியாகிற தண்ணீருக்குப் பதில் எப்போது, எவ்வளவு ஊற்றுகிறீர்கள்? மூன்று, ஸ்கிம்மர் போட்ட நாட்களில் தொட்டிக்குள் புதிதாக ஏதும் போட்டீர்களா, மருந்து, பசை, தண்ணீர் பதப்படுத்தும் திரவம், எதுவாக இருந்தாலும்?

ஒருநாள் விட்டு ஒருநாள் என்று நீங்கள் எழுதியதில்தான் எனக்குச் சந்தேகம்.


கல்லடிக்கரை:

காக்கா, கடைசி அறையில். அங்கேதான் இடம் அதிகம், 30க்கு 40 சென்ரிமீற்றர். நடு அறையில் உடைகல்லும் பஞ்சும் இருக்கின்றன. அறைகளுக்கிடையிலான கண்ணாடித் தடுப்பு 25 சென்ரிமீற்றர் உயரம்.

தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒருதடவை இரவில், வேலையால் வந்த பிறகு, 4 லீட்டர் அளவில் ஊற்றுவேன். வடிகட்டின நன்னீர்தான்.

பசை என்று கேட்டது சரியாகப் போயிற்று. ஸ்கிம்மர் போடுவதற்கு முதல் நாள் இரண்டு கற்கள் ஆடிக்கொண்டிருந்தன என்று, இரண்டு களியைச் சேர்த்துப் பிசைந்து ஒட்டுகிற எபொக்சி வாங்கி நீருக்குள்ளேயே ஒட்டினேன். மீனுக்குப் பாதிப்பில்லாத வகை என்று சொல்லித்தான் தந்தார்கள்.


கல்முனைத் தொட்டி:

விளங்கிவிட்டது தம்பி. உங்கள் ஸ்கிம்மர் பழுதில்லை, கையும் பழுதில்லை. அது நிற்கிற இடம்தான் பிழை.

கணக்கைப் பாருங்கள். சம்பில் முதல் இரண்டு அறைக்கும் தடுப்புக் கண்ணாடி இருக்கிறது, அங்கே நீர்மட்டம் கண்ணாடியின் உயரத்துக்கு மேல் ஏறாது, கீழும் இறங்காது. தொட்டி முழுவதிலும் ஆவியாகிப் போகிற நீர் அத்தனையும் கடைசி அறையில்தான் குறைந்து காட்டும். உங்கள் கடைசி அறை 30க்கு 40, அதாவது 1200 சதுர சென்ரிமீற்றர். நீங்கள் 4 லீட்டர் ஊற்றினால் அங்கே மட்டம் 3 சென்ரிமீற்றருக்கு மேல் ஒரேயடியாக உயர்கிறது. சம்பில் நீர் உயர்ந்தால் ஸ்கிம்மரின் வயிற்றுக்குள்ளும் நீர் அதே மாதிரி உயரும். இரவு ஊற்றினீர்கள், காலையில் வெள்ளம். மறுநாள் முழுக்க ஆவியாகி மட்டம் இறங்கியது, கழுத்துவரை நுரை ஏறவில்லை. இடையில் நீங்கள் வால்வைத் திருப்பியது அந்த ஏற்ற இறக்கத்தை இன்னும் பெரிதாக்கியிருக்கிறது. ஸ்கிம்மருக்கு ஒரு சென்ரிமீற்றரே பெரிய வித்தியாசம், மூன்று என்றால் எந்த வால்வும் சமாளிக்காது.

இது கச்சான் காற்றுக் காலமாக இருந்திருந்தால் இன்னும் மோசம். ஆனி ஆடியில் எனக்கு ஒரு நாளுக்கே 5 லீட்டர் போகும், மின்விசிறி வேறு தொட்டிக்கு மேல் ஓடும்.

முதல் மூன்று நாள் வெள்ளைத் தண்ணீர் பொங்கியதற்குக் காரணம் வேறு. அது எபொக்சி. பிசைந்த பசை இறுகும்வரை நீருக்குள் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிற பொருள் ஸ்கிம்மரைப் பைத்தியமாக்கிவிடும். தண்ணீர் பதப்படுத்தும் சில திரவங்களும் இதையே செய்யும். அந்த மாதிரி நேரம் வால்வோடு மல்லுக்கட்ட வேண்டாம், கப்பை எடுத்துவிட்டு அல்லது வால்வை முழுக்கத் திறந்துவிட்டு இரண்டு மூன்று நாள் சும்மா ஓடவிடுங்கள், தானாக அடங்கும். மற்றது, புது ஸ்கிம்மர் எதுவானாலும் செய்யும் இடத்து எண்ணெய்ப் பசை உட்சுவரில் இருக்கும். அது போய், உள்ளே ஒரு மெல்லிய வழுவழுப்புப் படியும்வரை ஒரு வாரம், சிலதுக்கு இரண்டு வாரம், ஒழுங்காக வேலை செய்யாது. வாங்கினவுடன் வினாகிரியும் தண்ணீரும் கலந்து ஒரு மணித்தியாலம் ஓடவிட்டு அலசியிருந்தால் கொஞ்சம் சீக்கிரம் பழகியிருக்கும்.

இப்போது செய்ய வேண்டியது. நடு அறையில் இருக்கிற உடைகல்லையும் பஞ்சையும் முதல் அறைக்கு மாற்றுங்கள், ஸ்கிம்மரை நடுவில் இறக்குங்கள். அங்கே ஆழம் 25, உங்கள் தாளில் கேட்பது 20. ஆக 5 சென்ரிமீற்றர் உயர்த்த வேண்டும். நான் செய்தது, மூன்று அங்குல பிவிசி குழாயில் 5 சென்ரிமீற்றர் வளையம் நாலு அறுத்து, உள்ளே நீர் தேங்காமல் ஓட ஒவ்வொன்றிலும் நாலைந்து துளை போட்டு, அதற்கு மேல் வெள்ளைப் பிளாஸ்டிக் வெட்டுப் பலகைத் துண்டு ஒன்றை வைத்தேன், எட்டு வருடமாக அப்படியே இருக்கிறது. அலுமினியம், இரும்பு, நாணயம், ஆணி எதையும் அடியில் வைத்துவிட வேண்டாம். மட்டமாக நிற்க வேண்டும், சரிந்து நின்றால் நுரை ஒரு பக்கமாக ஏறும்.

அதன் பிறகு வால்வ். காற்றுக் குழாயை முழுக்கத் திறந்தே விடுங்கள், அதில் கை வைக்க வேண்டாம். தண்ணீர் வெளியேறும் வால்வைத் திறந்தால் உள்ளே மட்டம் இறங்கும், நுரை காய்ந்து கெட்டியாக வரும். மூடினால் மட்டம் ஏறும், நுரை ஈரமாக, நீராக வரும். முழுக்கத் திறந்து தொடங்குங்கள். உடலுக்குள் குமிழிகள் பால் மாதிரி வெள்ளையாகக் கலங்கி நிற்கும், அதற்கு மேல் கழுத்துக்குள் நுரை தனியாகப் பிரிந்து ஏறும். இரண்டும் சந்திக்கிற அந்தக் கோடுதான் முக்கியம். கோடு கப் வந்து உடலில் பூட்டுகிற இடத்தில், கழுத்தின் அடியில் நிற்கும்படி மெல்ல மெல்ல மூடிக்கொண்டு வாருங்கள். வந்ததும் கையை எடுத்துவிடுங்கள். ஒரு நாள் முழுக்கத் தொடவே கூடாது. மறுநாள் அதே நேரத்துக்குப் பார்த்து, வேண்டுமென்றால் ஒரு கால் திருப்பு, அதற்கு மேல் இல்லை. ஒருநாளைக்கு நாலைந்து தடவை திருப்பினால் எந்தத் திருப்பு எதைச் செய்தது என்று கடவுளுக்கும் தெரியாது.

கப்பில் வருவது பிளேன்டி (பால் விடாத தேத்தண்ணி) நிறத்தில் இருந்தால் நல்லது. கோப்பி மாதிரி கறுத்துக் கெட்டியாக வந்தால் இன்னும் கொஞ்சம் மூடலாம், வெளிர் மஞ்சள் தண்ணீராக வந்தால் கொஞ்சம் திறக்கலாம். நான் என் தொட்டியில் பிளேன்டிப் பக்கம்தான் வைத்திருக்கிறேன், கொஞ்சம் தண்ணீர் கூடப் போனாலும் அழுக்கும் கூடப் போகிறது. எடுத்த அளவு உப்புநீரை மட்டும் திரும்பச் சேர்க்க மறந்துவிடக் கூடாது.

ஆவியாகிற தண்ணீரை இரண்டு நாளைக்கு 4 லீட்டர் என்று ஊற்றாமல் தினமும் காலையில் 2 லீட்டர் ஊற்றுங்கள். பிறகு கைக்கு வசதி வந்தால் மிதவை வைத்துத் தானாக நிரப்புகிற ஏற்பாடு செய்யலாம்.


வாழைச்சேனைக் கடல்:

கல்முனைக்காரர் சொன்னது முழுக்கச் சரி. நான் வேறு ஒன்றைக் கேட்கிறேன். தம்பி, தண்ணீர் எங்கே எடுத்தது? உப்பு எவ்வளவு? 

ஸ்கிம்மர் கடல்நீரில் மட்டும்தான் ஒழுங்காக வேலை செய்யும், ஏனென்றால் உப்புநீரில் சின்னக் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகாமல் தனித்தனியாக நிற்கும். நன்னீரில் சேர்ந்து பெரிதாகி உடைந்துவிடும். புரதத் துணிக்கைகளுக்கு நீரை விரும்புகிற ஒரு பக்கமும் விரும்பாத ஒரு பக்கமும் உண்டு, விரும்பாத பக்கம் காற்றுக் குமிழியின் தோலில் போய் ஒட்டும், அப்படியே மேலே ஏறிக் கப்புக்குள் விழும். குமிழி எவ்வளவு சின்னதோ அவ்வளவு தோல், அவ்வளவு அழுக்கு. உப்புக் குறையக் குறைய இந்த வேலை கெடும்.


கல்லடிக்கரை:

அண்ணே, கல்லடிக் கடற்கரையில்தான் எடுத்தேன், 20 லீட்டர் கேனில் 13 நடை. மார்கழி முதல் கிழமை, மழை விட்ட அன்றைக்கு. முள் ஆடுகிற பிளாஸ்டிக் உப்பு அளவியில் நீரின் ஒப்படர்த்தி 1.023 காட்டுகிறது.


வாழைச்சேனைக் கடல்:

நினைத்தேன். மார்கழியில் கல்லடியில் எடுத்த தண்ணீரில் 1.023 இருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை. மாரியில் மட்டக்களப்பு வாவி முழுக்க வெள்ளம் நிரம்பி, பாலமீன்மடு முகத்துவாரத்தால் கடலுக்குள் தள்ளும். அந்தக் காலத்தில் கரையோர நீரோட்டம் தெற்கே போகிறது, முகத்துவாரத்திலிருந்து வருகிற மண்நிறத் தண்ணீர் அப்படியே கல்லடிப் பக்கம்தான் இறங்கும். பாலத்தடியில் நின்று பார்த்தாலே தண்ணீரின் நிறம் தெரியும். அது போக, கங்கையும் பிரமபுத்திராவும் கொண்டுவந்து கொட்டுகிற நன்னீர் கலந்த வங்காள விரிகுடா நீரே அந்த மாதங்களில் இந்தப் பக்கம் வருகிறது, ஆகவே மழை இல்லாத நாளில் எடுத்தாலும் மாரிக் கடல் வழக்கத்தை விட உப்புக் குறைவுதான். நான் ஒருமுறை மார்கழியில் பாசிக்குடாவில் எடுத்த தண்ணீர் 1.020க்கு மேல் ஏறவில்லை.

முள் ஆடுகிற அளவியை நம்ப வேண்டாம். முள்ளில் ஒரு குமிழி ஒட்டினாலே அது மேலே மிதந்து கூடக் காட்டும். தொட்டி நீரே குமிழியாக இருக்கிறது என்கிறீர்கள், அந்த நீரை அதற்குள் ஊற்றினால் எப்படிச் சரியாகக் காட்டும்? ஒளிமுறிவுமானி (நீரில் ஒளி வளைவதை வைத்து உப்பை அளக்கிற கருவி) ஒன்று வாங்குங்கள், அல்லது யாரிடமாவது ஒருநாளைக்கு வாங்கிப் பாருங்கள். அதையும் ஆயிரத்துக்கு 35 பங்கு உப்புள்ள நியமக் கரைசலில் சரிபார்த்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். இலக்கு 1.025, 1.026.

குறைவாக இருந்தால் அவசரப்பட்டு உப்பைக் கொட்ட வேண்டாம், இறால் செத்துவிடும். ஆவியாகிற நீருக்கு நன்னீர் ஊற்றுவதை நிறுத்தி உப்புநீர் ஊற்றினால் தானாக மெல்ல ஏறும், ஒரு நாளுக்கு 0.001க்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உப்பு என்றால் கடல்மீன் தொட்டிக்கென்று விற்கிற உப்புக் கலவை. ஒருவர் என்னிடம் ஆனையிறவு உப்பு போடலாமா என்று கேட்டார், அது கறிக்குத்தான் நல்லது. உப்பளத்தில் சோடியம் குளோரைட்டு படிந்ததும் மிச்சத் தண்ணீரை வடித்துவிடுவார்கள், மக்னீசியமும் மற்றதெல்லாமும் அந்தத் தண்ணீரோடு போய்விடும்.

இனிமேல் கடல்நீர் எடுப்பதென்றால் சித்திரை தொடக்கம் புரட்டாதி வரை, மழையில்லாத நாளில், முகத்துவாரத்துக்குத் தள்ளி எடுங்கள். எடுத்ததை மூடி, இருட்டில் ஒரு கிழமை வைத்து, அடியில் படிவதை விட்டு மேல்நீரை மட்டும் துணியில் வடித்துப் பாவியுங்கள். கடலுக்குப் போகிறபோது முருகைக்கல் கண்ணில் பட்டால் தயவுசெய்து எடுத்துவர வேண்டாம். சட்டத்தில் குற்றம் என்பது ஒன்று. பாசிக்குடாவில் மிச்சம் இருக்கிற முருகைக்கற் பார்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு ஒரு துண்டு குறைவதும் வலிக்கிறது.


ஏறாவூர்ப் புதியவன்:

இவ்வளவு சிரமம் எதற்கு? நான் 100 லீட்டர் தொட்டியில் ஸ்கிம்மர் இல்லாமல் கிழமைக்கு 15 லீட்டர் தண்ணீர் மாற்றுகிறேன், இரண்டு கோமாளி மீன் ஒன்றரை வருடமாக நன்றாக இருக்கின்றன.


கல்முனைத் தொட்டி:

சின்னத் தொட்டி, குறைந்த மீன், ஒழுங்காகத் தண்ணீர் மாற்றம் என்றால் ஸ்கிம்மர் இல்லாமல் ஓடும், நீங்கள் செய்வது பிழையில்லை. ஸ்கிம்மர் எல்லாவற்றையும் எடுத்துவிடும் என்று நினைப்பதும் பிழைதான். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கென் ஃபெல்ட்மன் என்ற வேதியியல் பேராசிரியர் 2009, 2010இல் ஸ்கிம்மர்களை அளந்து பார்த்தார். நீரில் அளக்கக்கூடிய சேதனக் காபனில் 20 முதல் 35 வீதம் வரைதான் அவற்றால் இறக்க முடிந்தது. ஏற்கெனவே நைத்திரேற்றாக மாறிவிட்டதையும் ஸ்கிம்மர் எடுக்காது.

ஆனால் அந்த 20, 30 வீதம் அழுகி அமோனியாவாகி நைத்திரேற்றாவதற்கு முன்பே வெளியே போகிறது, அதுதான் லாபம். இன்னொன்று, இரவு பகலாகத் தண்ணீருக்குள் காற்றை அடித்துக்கொண்டே இருக்கிறது. நம்முடைய வெயிலுக்குத் தொட்டி நீர் 29, 30 பாகையில் நிற்கும்போது நீரில் கரைகிற ஒட்சிசன் குறைவு. எனக்கு அதற்காகவே ஸ்கிம்மர் வேண்டும்.


காத்தான்குடி ராத்தா:

நான் ஆறு வருடமாக 3 அடித் தொட்டி வைத்திருக்கிறேன். எல்லாரும் வால்வையும் உப்பையும் சொல்லிவிட்டீர்கள், நான் வீட்டுக்குள் நடக்கிறதைச் சொல்கிறேன்.

ஸ்கிம்மர் நின்றுபோய்விட்டது என்று ஒருநாள் நான் பதறிப்போனேன். குழாயைக் கழற்றிப் பார்த்தேன், பம்பைக் கழற்றிப் பார்த்தேன், எல்லாம் சரி. கடைசியில் பார்த்தால் மகளுக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டு அதே கையைத் துடைத்துவிட்டுத் தொட்டிக்குள் விட்டிருக்கிறேன். ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய்க்கே நுரை படுத்துவிடும், எழும்ப அரை நாள் எடுக்கும். கைக்குப் பூசுகிற கிரீமும் அப்படித்தான். எண்ணெய்ப் பசையுள்ள உணவு, முக்கியமாக மீன் முட்டை, இறால் அரைத்துப் போட்டாலும் ஒரு மணித்தியாலம் இரண்டு மணித்தியாலம் நுரை விழும், பிறகு தானே வரும். சாப்பாடு போட்ட நேரம் நுரையைப் பார்த்து வால்வைத் திருப்பிவிடாதீர்கள், தம்பி. அந்த இரண்டு மணித்தியாலம் கழித்து அது வழியும்.

தொட்டிக்குள் கை விடும் முன் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் சவர்க்காரம் துளியும் இல்லாமல் நன்றாக அலச வேண்டும். கப்பைச் சவர்க்காரத்தால் கழுவவே கூடாது. வெறும் தண்ணீரும் பழைய பல்துலக்கும் பிரஷும் காணும். கப் நிரம்பும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை, நான் கப் பாதியாக இருந்தாலும் இரண்டு நாளைக்கு ஒருதரம் கழுத்தின் உட்பக்கத்தைத் துடைத்துவிடுவேன். அந்தக் கழுத்தில் களிம்பு மாதிரி ஒரு வளையம் படியும், அது தடித்துவிட்டால் நுரை அதில் ஒட்டி உடைந்து கீழேயே விழும், மேலே ஏறாது. துடைத்த கொஞ்ச நேரம் நுரை தயங்கும், பயப்பட வேண்டாம்.

காற்று உள்ளே போகிற சின்னக் குழாயின் முனையில் உப்பு பூத்து அடைக்கும். அதன் வாயில் விரலை வைத்தால் இழுக்கிறது தெரிய வேண்டும். இழுவை குறைந்தால் கொஞ்சம் இளஞ்சூட்டு நன்னீரை அந்தக் குழாயால் உறிஞ்சவிடுங்கள், உப்பு கரைந்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பம்பைக் கழற்றி வினாகிரியில் ஊறவைப்பேன், வினாகிரி இல்லாத நாளில் தேசிக்காய்ப் புளியும் தண்ணீரும். முள்ளுச் சில்லில் படிந்த சுண்ணாம்பு பொருபொருவென்று பொங்கிக் கழன்றுவிடும். சில்லைக் கழற்றும்போது நடுத்தண்டைப் பார்த்து எடுக்க வேண்டும், அது பீங்கான், சட்டென்று முறியும்.

இன்னொன்றுதான் எனக்குப் பெரிய விஷயம். ஸ்கிம்மர் வீட்டுக்குள் இருக்கிற காற்றைத்தான் குடிக்கிறது. வீட்டில் நுளம்புத்திரி கொளுத்தினால் அந்தப் புகை குமிழி குமிழியாக நேரே தண்ணீருக்குள் போகும். நுளம்புக்குப் போடுகிற மருந்து மீனுக்கும் இறாலுக்கும் விஷம், இறாலுக்கு இன்னும் மோசம். நாங்கள் தொட்டி உள்ள அறையில் திரி கொளுத்துவதே இல்லை, வலைதான். டெங்குக்காகத் தெருவில் புகையடிக்க வருகிற நாளில் யன்னலை மூடி, தொட்டியைத் துணியால் போர்த்தி, ஸ்கிம்மரையும் காற்றுப் பம்பையும் நிறுத்திவிட்டு, புகை அடங்கி அரை மணித்தியாலம் காற்றோட்டம் விட்ட பிறகுதான் போடுவேன். முதல் வருடம் இது தெரியாமல் இரண்டு இறாலை இழந்தேன். காலையில் அவை கல்லுக்கடியில் சரிந்து கிடந்ததைப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. உங்களிடம் ஒரு கிளீனர் இறால் இருக்கிறது என்று வாசித்ததால்தான் இவ்வளவும் எழுதினேன்.


கல்லடிக்கரை:

எட்டு நாள் கழித்து எழுதுகிறேன். எல்லாருக்கும் நன்றி.

ஒளிமுறிவுமானி ஒன்றை நண்பனிடம் வாங்கி, கரைசலில் சரிபார்த்து அளந்தேன். 1.019. முள் அளவி அந்த நேரமும் 1.023 என்றுதான் நின்றது. அண்ணன் சொன்ன மாதிரி உப்புநீராலேயே நிரப்பிக்கொண்டு வருகிறேன். அந்த வேகத்தில் கனநாள் எடுக்கும் போல இருந்ததால் நாளுக்கு 5 லீட்டர் எடுத்துவிட்டு உப்புக் கூடின நீர் 5 லீட்டர் மெதுவாக ஊற்றினேன், இன்றைக்கு 1.023க்கு வந்திருக்கிறது. இறால் சட்டை கழற்றியிருக்கிறது, நன்றாக இருக்கிறது. மேல்தொட்டியில் குமிழி அரைவாசிக்கு மேல் குறைந்துவிட்டது.

ஸ்கிம்மரை நடு அறைக்கு மாற்றி, பிவிசி வளையத்தில் ஏற்றி வைத்தேன். முதல் இரண்டு நாள் ஒன்றும் வரவில்லை, கை துறுதுறுவென்றது, தொடவில்லை. மூன்றாம் நாள் காலையில் கழுத்தில் பழுப்பு நுரை குடுமி மாதிரி எழும்பி நின்று, ஓரத்தால் மெல்ல மடிந்து கப்புக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். நேற்றுக் கப்பில் இரண்டு விரல் உயரத்துக்குத் தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர். மணம் தாங்க முடியவில்லை, சேற்றுக்குள் இறால் அழுகின மணம். இது அவ்வளவும் என் மீன் குடித்துக்கொண்டிருந்த தண்ணீருக்குள் கிடந்தது என்று நினைக்கும்போது ஒரு மாதிரி இருக்கிறது.

காற்றுக் குழாயை நீட்டி யன்னலுக்கு வெளியே விட்டிருக்கிறேன், ராத்தா. எங்கள் தெருவில் புகையடித்தால் மட்டும் உள்ளே இழுத்துக்கொள்வேன். திரி கொளுத்துவதை நிறுத்தியாயிற்று.

ஒரு கேள்வி மிச்சம். ஐந்தாம் நாள் இரவு முக்கால் மணித்தியாலம் கரண்ட் போனது. வந்த அஞ்சு நிமிடத்தில் கப் நிரம்பி வழிந்தது, பிறகு தானே சரியாகிவிட்டது. வால்வைத் தொடவில்லை. இது ஏன்?


கல்முனைத் தொட்டி:

கரண்ட் போனால் மேல்தொட்டியிலிருந்து கொஞ்ச நீர் சம்புக்குள் இறங்கும், உங்கள் தடுப்புக் கண்ணாடி அந்த நேரம் மூழ்கிப்போகும். கரண்ட் வந்ததும் இரண்டு பம்பும் ஒன்றாக எழும்புகின்றன. சம்ப் பழைய மட்டத்துக்கு இறங்கும்வரை ஸ்கிம்மர் கூடின ஆழத்தில் நின்று ஓடுகிறது, அதுதான் வழிகிறது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் கரண்ட் போன நேரம் நான் இதைப் படித்தேன், ஒவ்வொரு தடவையும் வாளியோடு ஓடினேன். பிறகு கரண்ட் வந்து 10 நிமிடம் கழித்து ஸ்கிம்மரை மட்டும் போடுகிற தாமத பிளக் ஒன்று பொருத்தினேன், மின்சாமான் கடையில் குளிர்சாதனப் பெட்டிக்கு என்று விற்கிறார்களே, அதுதான். நீண்ட நேரம் போனால் பற்றரியில் ஓடுகிற காற்றுப் பம்ப் ஒன்று கட்டாயம் வைத்திருங்கள்.

மேலே தண்ணீர் ஏறுகிற குழாயில், மேல்தொட்டியின் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சின்னத் துளை போடுங்கள். கரண்ட் போனதும் நீர் அந்தத் துளைவரை இறங்கி, காற்று உள்ளே போய், பின்னோக்கி உறிஞ்சுவது நின்றுவிடும். கிழமைக்கு ஒருமுறை அந்தத் துளையைப் பிரஷால் தேய்த்துவிட வேண்டும். பாசி அடைத்தால் குழாயின் வாய் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ அவ்வளவு தண்ணீரும் கீழே வந்துவிடும், சம்ப் தாங்காது. துளை போட்ட பிறகு நீங்களே ஒரு தடவை மெயினை நிறுத்தி, சம்ப் எதுவரை நிரம்புகிறது என்று பார்த்து, அந்த இடத்தில் வெளிக்கண்ணாடியில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.